5 வயது வரை ரயிலில் இலவசமா?

"5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரயிலில் ரிக்கெற் தேவையில்லை" என்றொரு செய்தி யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது பிழை. இந்திய ரயில்வேயின் விதி அது. அங்கும் பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால்தான்.

இலங்கையில் 3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மட்டுமே இலவசம். 3 வயதிலிருந்து 12 வயதுக்குள் அரை ரிக்கெற். நாலு வயது மகனைத் தோளில் தூங்கவைத்தபடி, கையில் பால்போத்தலும் பையுமாகக் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கும் தாய், வாசலில் ரிக்கெற் கேட்கும்போது தடுமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அரை ரிக்கெற் எடுத்தாலும் பஸ்ஸைவிட ரயிலே நல்லது என்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புவரை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பிள்ளை எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே பிள்ளையின் வயதைச் சொல்லி விசாரியுங்கள்.