கரோக்கே பாடல் கோப்பை இணையப் பக்கத்தில் பதிக்கும் முன்
கரோக்கே (பின்னணி இசைக்கு நாமே பாடுவது) பற்றிய உங்கள் பதிவில் வான்பாஸ்கோ பிளேயரைப் பரிந்துரைத்ததற்கு நன்றி, வீட்டில் பாடிப் பழக அருமையான இலவச மென்பொருள் அது. அதில் ஓடுவது மிடி கோப்பு, உள்ளே ஒலிப்பதிவே கிடையாது, எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பும் பாடல் வரிகளும்தான், அதனால்தான் சுருதியை எவ்வளவு இறக்கினாலும் வேகம் மாறுவதில்லை, பெண் குரல் பாட்டை ஆண்கள் பாட இது பெரிய வசதி.

ஆனால் அதே கோப்பை எம்பெட் டேக் (இணையப் பக்கத்தின் நிரலில் வேறு கோப்பைச் செருகும் குறி) போட்டு இணையப் பக்கத்தில் பதிக்கலாம் என்கிறீர்களே, அது பழைய கதை. இப்போது குரோம், ஃபயர்பாக்ஸ் எதுவும் மிடியைத் தானாக வாசிக்காது. மிடியை எம்பி3 ஒலிக்கோப்பாக மாற்றி, வரிகளை வெப்விடிடி (எந்த வரி எந்த நேரத்தில் திரையில் வர வேண்டும் என்று குறிக்கும்) கோப்பாக்கி, இரண்டையும் வீடியோ டேகில் கொடுங்கள். ஆடியோ டேகில் போட்டால் பாட்டு கேட்கும், வரிகள் திரையில் வராது. அப்புறம், பக்கம் திறந்ததும் தானாகப் பாட விடாதீர்கள், தயவுசெய்து.