வேலிக்கு மேலால ஒரு தலை

(மட்டக்களப்பு, கல்லடியில ஒரு வளவு. மாமி குசினி வாசல்ல குந்தியிருந்து புளிமாங்காய் வெட்டுறா. வேலிக்கு மேலால பக்கத்து வீட்டுத் தம்பிட தலை.)

தம்பி: மாமி, உப்பும் கொச்சிக்காத்தூளும் போட்டுப் பிரட்டுறீங்க என்ன, இஞ்ச எனக்கு வாயூறுது.

மாமி: ஐயோ மனே, இந்த வளவுக்குள்ள அந்தக் கதை மட்டும் கதைக்காத. உனக்கு வாயூறினா எனக்கு நாவூறு, கண்பட்ட மாதிரித்தான். போன மாசம் மகளுக்குக் கட்டுற வீட்டப் பாத்து, தூணெல்லாம் என்ன வடிவு மாமி வாயூறுது எண்டாய், மறுகா மேசன் வேலைக்கு வரவேயில்ல, இண்டைக்கும் கூரை இல்லாமக் கிடக்கு.

தம்பி: அந்தாள் அட்வான்ச வாங்கிட்டு கல்முனைப் பக்கம் வேற வேலைக்குப் போன, அதுக்கு நான் என்ன செய்ற? அது சும்மா ஆசைல சொன்ன மாமி, இது உண்மையாவே ஊறுற தண்ணி. காதுக்குக் கீழ சுரப்பி இருக்கு, புளியக் கண்டா சுர்ரெண்டு இழுக்கும். ஒரு மனிசனுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சில் ஊறுமாம், பயோ படிப்பிக்கிற சேர் சொன்னவர்.

மாமி: ஒன்றரை லிட்டரா! படுவான்கரைப் பட்டியில மாமாட எருமை கோடையில அவ்வளவு கறக்காதே. அதுக்காவது புல்லு வேணும்.

தம்பி: இதுக்குச் சாப்பாடே தேவையில்ல மாமி. ரஷ்யாவில பவ்லோவ் எண்டு ஒருத்தர், செமிபாட்டு ஆராய்ச்சிக்கு 1904ல நோபல் பரிசெல்லாம் வாங்கினவர், அவர் நாய்க்குச் சாப்பாடு வைக்க முன்ன ஒவ்வொரு தரமும் ஒரு சத்தம் கேக்க வச்சுப் பழக்கினவர், மறுகா பாத்தா சாப்பாடே இல்லாம சத்தம் கேட்டாலே நாய்க்கு வாயூறுதாம்.

மாமி: அதுதானே பாத்தன். பலகையில கத்தி படுற சத்தம் கேட்டா வேலில உண்ட தலை.

தம்பி: மாமி! என்ன நாய் எண்டுறீங்களா?

மாமி: நானா சொன்ன? உண்ட ரஷ்யாக்காரர் சொல்றார். இந்தா பிடி, நாலு துண்டு. நீ பாத்துக்கொண்டு நிக்க நான் திண்டா எனக்குத்தான் வயித்துவலி.

தம்பி: (வாய் நிறைய) ம்ம்... பயோ படிச்சவன் சொல்றன் மாமி, நாவூறெல்லாம் சும்மா கதை.

மாமி: அத அடுப்பு சொல்லட்டும். செத்தல் கொச்சிக்காயும் உப்பும் எடுத்து வீட்டச் சுத்தி அடுப்பில போட்டு எரிப்பம். நெடி ஏறி நீ இருமினா நாவூறு இல்ல, உன்னில பிழையில்ல. இருமல் வரல்லயோ, மேசனுக்குக் குடுத்த அட்வான்ச உண்ட அப்பாதான் வந்து தரணும்.

தம்பி: க்கும்... க்கும்... ஐயோ மாமி, நெடி தாங்கேலா... க்கும்!

மாமி: டேய், நான் இன்னும் நெருப்பே மூட்டல்லயேடா!