ஏழு பேர்தானே என்கிறார்கள்

லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில், நிலத்தின் சொந்தக்கார நிறுவனம் வழியில் போகிறவர்களின் முகங்களை அடையாளம் காணும் கேமராக்களைச் சொல்லாமல் வைத்திருந்த விவகாரத்தைப் பற்றி இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். லண்டன் மாநகரக் காவல்துறை இந்த வாரம் (செப்டம்பர் 2019) அடித்த பல்டிக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த முக அடையாளக் கேமராவுக்காக நிறுவனத்துக்குப் படம் எதையும் தரவில்லை என்று மேயர் தரப்புக்கே சொன்னவர்கள், இப்போது 2016-க்கும் 2018-க்கும் இடையே ஏழு பேருடைய படங்களைத் தந்தது உண்மைதான் என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். அதுவும் மேயரிடம், அந்த வழியாக நடந்த நம்மிடம் அல்ல. ஆகஸ்டில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் இந்தக் கேமராக்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டிராவிட்டால் இதுவும் நடந்திருக்காது.

ஏழு பேர்தானே, அதுவும் அந்த வட்டாரத்தில் பிடிபட்டவர்கள்தானே என்று நண்பர்கள் எழுதியிருந்தார்கள். ஏழு முகங்களைத் தேட, அங்கிருக்கும் கிங்ஸ் புல்வார்டு தெருவில் போன அத்தனை முகங்களையும் அந்த இரண்டு கேமராக்கள் அளந்தாக வேண்டும். கிரானரி சதுக்கத்து நீரூற்றில் நனைய வேண்டுமென்று அடம்பிடிக்கும் மகளை, தோளில் துண்டோடு சனிக்கிழமைதோறும் அழைத்துப் போன வழி அது. அவளை அளக்க யாரைக் கேட்டார்கள்?

கிங்ஸ் கிராஸின் அந்த 67 ஏக்கரும் தனியார் நிலம், பிடிக்காவிட்டால் போகாதே என்பார்கள். நிலம் அவர்களுடையது, சரி. காவல் நிலையத்தில் சட்டம் தந்த அதிகாரத்தால் எடுத்த படம் எப்படி அவர்களுடையதாகும்? தேட வேண்டியவர்களின் பட்டியல் காவல்துறையுடையது, கேமரா நிறுவனத்துடையது. தவறு நேர்ந்தால் நான் யார் வாசலில் போய் நிற்பது?

கற்பனையாகக் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், பால் வாங்கப் போன கடையில் காவலாளி என்னை நிறுத்தித் தொப்பியைக் கழற்றச் சொன்னார். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மங்கலான தாளில் இருந்தவருக்கும் எனக்கும் தாடியும் தோல் நிறமும் மட்டுமே பொருந்தின. மேலாளர் வந்து ‘ஸாரி’ சொல்ல ஐந்து நிமிடம் ஆனது; அதுவரை வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வைக்கு ஒருவரும் ஸாரி சொல்லவில்லை. அந்தத் தாளையாவது என்னால் பார்க்க முடிந்தது. கணினிக்குள் இருக்கும் பட்டியலை யார் காட்டுவார்கள்?

காணாமல் போன குழந்தையைக் கண்டுபிடிக்கலாமே என்கிறீர்களா? கண்டுபிடியுங்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வேல்ஸின் கார்டிஃப் நகரில் காவல்துறை முக அடையாளக் கேமராவைப் பயன்படுத்தியதை எதிர்த்த வழக்கில் இதே வாரம் உயர் நீதிமன்றம் காவல்துறையின் பக்கம் நின்றதை நினைவூட்டுகிறவர்களுக்கு: அங்கே காவல்துறை தன் வண்டியை நிறுத்தி வெளிப்படையாகவே செய்தது. தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. தப்புச் செய்யாமல் தொப்பியைக் கழற்றியவன் நான்.

அந்த இரண்டு கேமராக்களும் இப்போது இயங்கவில்லையாம். நேற்று மகள் நீரூற்றுக்குப் போக வேண்டுமென்றாள். கால்வாய்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனோம். ஏன் இவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று இரண்டு முறை கேட்டாள்.