பிறையும் பதினேழு சட்டையும்

(சேலம் கோட்டை. ரமலான் 29, அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த நேரம். தையல் மிஷினில் மாமா. அவர் செல்போன் மருமகன் கையில்.)

மருமகன்: மாமா, மஹல்லா குரூப்புல உங்க சம்பந்தி போட்டிருக்கார். "அஸ்ஸலாமு அலைக்கும். சவூதியில் இன்றே பெருநாள். நமக்கு நாளை, இன்ஷா அல்லாஹ்."

மாமா: நாளைக்கா? பதினேழு சட்டைக்கு இன்னும் காலரே வைக்கல! அந்தாளுக்கு மூளை இருக்கான்னு கேளு.

மருமகன்: நோன்பு மாமா! யாராச்சும் வம்புக்கு வந்தா 'நான் நோன்பாளி'ன்னு சொல்லிடணும்னு புகாரி தொகுப்புல நபியோட ஹதீஸ் இருக்கு.

மாமா: சரி, மார்க்கமாவே கேளு.

மருமகன்: (தட்டியபடி) "வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மதுல்லாஹ். அன்புச் சகோதரருக்கு அல்லாஹ் கல்வி ஞானத்தை அதிகமாக்குவானாக."

மாமா: அதைத்தாண்டா நானும் சொன்னேன்!

மருமகன்: பதில் வந்திருச்சு. "ஆமீன். தங்களுக்கு அல்லாஹ் ஹிதாயத் தருவானாக."

மாமா: (மிஷினை நிறுத்தி) ஹிதாயத்தா? அப்போ நான் வழிதவறினவனா? தினம் தொழுகையில முதல் ஸஃப்புல, முதல் வரிசையில நிக்கிறவன்டா நான்!

மருமகன்: அல்லாஹ்கிட்ட துஆதானே கேட்டிருக்கார்?

மாமா: துஆதான். எரியுதே! ஆதாரம் கேளு.

மருமகன்: கேட்டாச்சு. "பிறை பார்த்து நோன்பு வையுங்கள், பிறை பார்த்து நோன்பை விடுங்கள்."

மாமா: பாதி ஹதீஸ்! மேகம் மறைச்சா மாசத்தை முப்பது நாளாப் பூர்த்தி பண்ணச் சொன்னதை அமுக்கிட்டார் பாரு. வெளிய எட்டிப் பாரு, சேர்வராயன் மலையே தெரியல. ஏற்காடு லேடீஸ் சீட்ல ஏறி நின்னாலும் பிறை தெரியாது. போடு!

மருமகன்: மேகத்துக்கு ஒரு மாஷா அல்லாஹ் சேக்கவா?

மாமா: ரெண்டா சேரு.

மருமகன்: ஐயையோ... "தாங்கள் பேசுவது மார்க்கத்துக்காகவா, தையலுக்காகவா? உள்ளத்து நிய்யத்தை (எண்ணத்தை) அல்லாஹ்வே அறிவான்."

மாமா: அடப்பா... அஸ்தக்ஃபிருல்லாஹ்! சந்தேகப்படறது பாவம்னு குர்ஆன்லயே இருக்குன்னு போடு. 49ஆவது அத்தியாயம், 12ஆவது வசனம்.

மருமகன்: சந்தேகத்துல சிலது பாவம்னுதான் இருக்கு மாமா. இது அந்தச் சிலதுல வருமா?

மாமா: பேசாம போடுறா.

மருமகன்: அட்மின் வந்துட்டார். "சகோதரர்களே, தலைமை காஜி அறிவிக்கும்வரை பொறுமை. வல்லாஹு அஃலம்."

மாமா: மஃரிபுக்கு அப்புறம் காஜி அறிவிக்கட்டும். அதுக்குள்ள நான் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கறேன்.

மருமகன்: சம்பந்திக்குக் கடைசியா ஏதாச்சும்?

மாமா: "அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக"ன்னு போடு.

மருமகன்: இதுல என்ன குத்து மாமா?

மாமா: இது நெஜமான துஆடா. இந்தப் பதினேழுல ஆறு அவரோட ஆர்டர். இன்னும் காசு வரல.