சித்திரைத் தொகை

நேற்று ஒரு மதினி என்னிடம் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மாதம் 5,000 ரூபாய்க்கு ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற ஐந்து வருட அஞ்சலகச் சேமிப்பு) போட வேண்டும் என்று வந்தார். நான் 1,000 ரூபாய்க்குப் போதும் என்றேன். "என்னத்தா, என்னால கட்ட முடியாதுன்னு நெனைக்கிறியா? தீவாளிக்கு எங்க வீட்ல எவ்வளவு செலவுன்னு தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு, நான் போட்ட காப்பியைக் குடிக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவருக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்பத்தில் அஞ்சலகச் சேமிப்புக்கான மகளிர் முகவர். வீடு வீடாகப் போய் ஆர்.டி. பணம் வாங்கி, அட்டையில் எழுதிக் கொடுத்து, அஞ்சலகத்தில் கட்டுகிற வேலை. 19 வருடமாகச் செய்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: நீங்கள் கட்டும் பணத்தில் எனக்கு 4 சதவீதம் கமிஷன் உண்டு. மதினி 5,000 கட்டினால் எனக்கு மாதம் 200 ரூபாய், 1,000 கட்டினால் 40. ஆக 160 ரூபாயை விட்டுவிட்டுத்தான் அந்த யோசனையைச் சொன்னேன். தியாகம் ஒன்றும் இல்லை. பாதியில் நிற்கும் கணக்கில் எனக்கும் கமிஷன் நின்றுவிடும்.

என்னிடம் கட்டுபவர்களில் பாதிக்கு மேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளாவுக்குள் போய், வண்டன்மேடு, புற்றடி, நெடுங்கண்டம் பக்கம் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறவர்கள். மீதிப் பேர் அங்கே ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், ஜீப் நிற்கும் இடத்தில் இட்லி விற்பவர்கள். எங்கள் வீட்டுக்கும் அங்கே இரண்டு ஏக்கர் உண்டு, வீட்டுக்காரர் பார்க்கிறார். யார் எந்த வேலை பார்த்தாலும் கடைசியில் எல்லார் பிழைப்பும் ஒரே காயில் தொங்குகிறது.

ஆடி ஆவணியில் காய் எடுப்பு சூடு பிடிக்கும். ஐப்பசியில் எல்லார் கையிலும் காசு புழங்கும். தை, மாசியோடு ஓய்ந்துவிடும். பங்குனி, சித்திரை, வைகாசியில் கவாத்து, மருந்தடி என்று கொஞ்சம் வேலை இருக்கும், அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது. அது முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ் கட்டச் சொல்வார்கள்.

இந்த ஊரில் சேமிப்புக் கணக்கு எந்த மாதத்தில் ஆரம்பிக்கிறார்கள் தெரியுமா? ஐப்பசியில். எந்த மாதத்தில் நிற்கிறது? சித்திரையில். என் பழைய நோட்டுகளைப் புரட்டினால் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. வட்டி குறைவு என்று யாரும் கணக்கை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. மனசு மாறி நிறுத்தியவர்களும் குறைவு. கையில் காசு இருந்த மாதத்தில் தொகையைத் தீர்மானித்தார்கள், காசு இல்லாத மாதத்தில் அதைக் கட்ட முடியவில்லை, அவ்வளவுதான். அஞ்சலக ஆர்.டி.யில் ஒரு தவணை தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம், பெரிதல்ல. ஆனால் தொடர்ந்து நான்கு தவணை தவறினால் கணக்கே நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் உயிர் கொடுக்காவிட்டால் போச்சு. பங்குனியிலிருந்து ஆனி வரை எண்ணிப் பாருங்கள். சரியாக நான்கு.

அதனால் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: போன சித்திரையில் உங்களால் எவ்வளவு கட்டியிருக்க முடியும்? அதுதான் உங்கள் தொகை. அதற்கு மேலே வருவதை வேறு மாதிரிப் போட வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சித்திரை என்று நான் சொல்வது மாதத்தை மட்டுமல்ல. எங்கள் மலைக்கு முழு வருடமே சித்திரையாகப் போவதும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லையில் பதற்றம், ஜீப் ஏறவில்லை. 2018 ஆகஸ்டில் பேய்மழை, மண்சரிவு, செடி அழுகியது. 2020-ல் கொரோனா, செக்போஸ்டில் பாஸ் இல்லாமல் யாரும் தாண்ட முடியவில்லை. 2022-ல் விலை கிலோ ஆயிரத்துக்குக் கீழே போனது. 2024 கோடையில் வெயிலில் செடி நின்றபடியே காய்ந்தது. பதின்மூன்று வருடத்தில் ஐந்து. இவற்றில் ஒன்றையாவது நாங்கள் முன்கூட்டி நினைத்தோமா? இல்லை. ஒவ்வொரு முறையும் "இந்த வருஷம் மட்டும்தான் இப்படி" என்றோம்.

சரி, ஊருக்கு உபதேசம் செய்கிறவள் என்ன கிழித்தாள் என்று கேட்பீர்கள். 2019-ஐச் சொல்கிறேன்.

அந்த ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஊரே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காய் எடுத்த மூட்டைக்குப் பக்கத்தில் ஆள் படுத்துத் தூங்கிய நாட்கள். எங்களுக்கு அந்த உச்ச விலை கிடைக்கவில்லை, பாதிதான். அதுவே அதற்கு முன் பார்க்காத பணம். விலை ஏன் ஏறியது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. முந்தின வருட மழையிலும் அதற்கடுத்த வறட்சியிலும் காய் இல்லாமல் போனதால்தான் ஏறியது. அதாவது அந்த விலையே ஒரு கெட்ட வருடத்தின் பிள்ளை.

அந்தச் சூட்டோடு சூடாக, சொந்தக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு வருடம் 72,000 ரூபாய் பிரீமியத்துக்கு 20 வருடக் காப்பீட்டு பாலிசி ஒன்று எடுத்தோம். மகள் படிப்பு, கல்யாணம் எல்லாம் அதில் முடிந்துவிடும் என்று கணக்கு. கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு எங்களுடையது. 2019-ல் கட்டினோம். 2020-ல் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். 2021-ல் முடியவில்லை. கடைசியில் சரண்டர் செய்தபோது கட்டிய 1,44,000-க்குக் கையில் வந்தது 43,000 சொச்சம். அன்று ராத்திரி வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அதே 2019-ல் இன்னொன்றும் செய்தோம். மகளுக்கு அப்போது 9 வயது. பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் கணக்கை 10 வயதுக்குள் தொடங்க வேண்டும், கடைசி நேரத்தில் போய் 1,000 ரூபாயோடு ஆரம்பித்தேன். பாலிசி மிடுக்கில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்தக் கணக்கில் வருடத்துக்கு 250 ரூபாய் போட்டால் போதும், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் வரை எப்போது வேண்டுமானாலும் போடலாம். 2021-லும் 2022-லும் நாங்கள் போட்டது வெறும் 250. அப்புறம் விலை திரும்பியபோது ஒரு வருடம் 40,000 போட்டோம். 2024 வறட்சியில் மறுபடி 250. இன்றைக்கு 8.2 சதவீத வட்டியோடு அந்தக் கணக்கு நன்றாக இருக்கிறது. பெரிய திட்டம் செத்தது, யாரும் மதிக்காத 250 ரூபாய்க் கணக்கு பிழைத்தது.

இதைத்தான் வேறு மாதிரிப் போட வழி என்று சொன்னேன். பி.பி.எஃப். (பொது சேமநல நிதி) கணக்கும் அப்படித்தான்: வருடம் 500 ரூபாய் குறைந்தபட்சம், ஒன்றரை லட்சம் அதிகபட்சம், 15 வருடம். நடுவில் எப்போது எவ்வளவு போடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. ஏலக்காய்க்காரர்களுக்கென்றே செய்து வைத்தது மாதிரி இருக்கும். இதில் முகவர்களுக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது, 2011-லேயே நிறுத்திவிட்டார்கள். யாரும் உங்கள் வீடு தேடி வந்து இதைச் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆர்.டி.யிலும் ஒரு சௌகரியம் உண்டு, பாதிப் பேருக்குத் தெரியாது. முன்கூட்டியே கட்டலாம். 12 தவணையைச் சேர்த்துக் கட்டினால் மாதத் தவணையின் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மொத்தம் 40 ரூபாய் தள்ளுபடி. அதாவது மாதம் 1,000 என்றால் 12,000-க்குப் பதில் 11,600 போதும். ஐப்பசியில் காசு இருக்கும்போது இதைச் செய்துவிட்டால் அடுத்த சித்திரையில் என்னைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதில்லை. (சாத்துகிறார்கள். ஒரு வீட்டில் குழந்தையை அனுப்பினார்கள், அது "அம்மா இல்லைன்னு அம்மா சொல்லச் சொல்லுச்சு" என்றது.)

1,000 ரூபாயில் என்ன ஆகிவிடும் என்பது மதினியின் கேள்வி. இப்போதைய 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் 71,366 வரும். அதை எடுத்து அப்படியே தேசிய சேமிப்புப் பத்திரத்தில் 7.7 சதவீதத்துக்குப் போட்டுவிட்டு, அடுத்த ஆர்.டி.யை அதே 1,000-க்கு ஆரம்பித்து, இப்படி நான்கு சுற்றுப் போனால், வட்டி இதே அளவில் இருந்தால், 20 வருடத்தில் கிட்டத்தட்ட 5,40,000. கட்டியது 2,40,000. பெரிய கோட்டை இல்லை. ஆனால் 5,000-க்குத் தொடங்கி ஏழாவது மாதம் நிற்கிற கணக்கைவிட இது பெரிது.

இதில் கஷ்டமான இடம் நடுவில் இல்லை, ஒவ்வொரு ஐந்தாவது வருட முடிவில்தான். ஆர்.டி. முதிரும் மாதம் எப்படியோ எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. கொழுந்தனுக்கு ஆட்டோ பழுதாகும், தாய்மாமன் சீர் என்று ஒன்று வரும், டி.வி. திடீரென்று பழசாகிவிடும். அந்த ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த ஐந்து வருடம் தானாகப் போகும். கணக்கு முதிரும் தேதியைப் புருஷனிடம்கூடச் சொல்லாத ஒரு அக்கா என்னிடம் இருக்கிறார். அட்டை என் வீட்டு பீரோவில். மூன்றாவது சுற்றில் இருக்கிறார்.

எல்லையைத் தாண்டிக் குமுளியில் குடியிருப்பவர்கள் கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனத்தில் சிட்டி (ஏலச்சீட்டு) போடுகிறார்கள். 1969-லிருந்து நடக்கிறது, அரசாங்கத்தினுடையது என்பதால் ஓடிப்போகிற பயம் இல்லை. ஆனால் ஏலத்தில் எடுத்துச் செலவழித்துவிட்டால் அப்புறம் அது கடன்தான். கடன் தவணைக்குச் சித்திரை, ஐப்பசி தெரியாது.

பங்குச்சந்தை பற்றிப் பையன்கள் கேட்கிறார்கள். மாதம் 500 ரூபாய்க்கு நானும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுகிற ஃபண்ட்) போடுகிறேன், பத்து வருடத்துக்குத் தொடுவதில்லை என்ற நினைப்பில். ஒரு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது. 2020 ஜனவரியில் 12,000-க்கு மேல் இருந்த நிஃப்டி என்ற பங்குச்சந்தைக் குறியீடு மார்ச்சில் 7,600 அளவுக்கு விழுந்தது. எல்லை மூடியதும் அதே மார்ச். கூலியும் நின்று, போட்ட பணமும் வெகுவாகக் குறைந்து தெரிகிற மாதத்தில்தான் அதை எடுத்துத் தீர வேண்டிய நிலைமை வருகிறது. ஆறு மாதச் சோற்றுக்கு வேறு இடத்தில் காசு இல்லாதவர்கள் அங்கே போக வேண்டாம் என்பது என் கட்சி.

தங்கத்தை நான் எப்போதும் குறைத்துப் பேசுவேன். பேசிப் பேசித் தோற்றேன். 2000-ல் நான்காயிரத்துக்குக் கீழே இருந்த பவுன் 2024 மார்ச்சில் 50,000-ஐத் தாண்டியபோது என் மாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்.

முதுமையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இந்த ஊரில் எல்லா இலக்கும் பிள்ளைகளுக்குத்தான்: காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு. தனக்கென்று ஒரு கணக்கு ஆரம்பிக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். அடல் பென்ஷன் திட்டத்தில் 30 வயதில் மாதம் 577 ரூபாய் கட்டினால் 60 வயதிலிருந்து 5,000 வரும், 40 வயதைத் தாண்டினால் சேர முடியாது. 2015-ல் அது வந்தபோது எனக்கு 37. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், நான் சேரவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தேன், கதவு சாத்தியாயிற்று.

சேருகிறவர்கள் அந்த 5,000-ஐ இன்றைய 5,000 என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 30 வருடம் கழித்து அதன் மதிப்பு இன்றைய 870 ரூபாய்தான். இதற்கு நம் பெரியாறு அணையே சாட்சி. 1886-ல் அணைக்கான நிலத்தை 999 வருடக் குத்தகைக்கு, ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய் என்று திருவிதாங்கூர் மகாராஜா எழுதிக் கொடுத்தார். 1970-ல் 30 ரூபாயாக மாற்றும் வரை 84 வருடம் அதே 5 ரூபாய். அந்தத் தண்ணீரில் வயல் விளைந்த நாம் அதைப் பற்றிப் புகார் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குத்தகைப் பணத்தை வாங்குகிற இடத்தில் நாம் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பென்ஷனோடு கூடவே வருடா வருடம் கொஞ்சம் ஏற்றிக் கட்டுகிற இன்னொரு கணக்கும் வேண்டும். எனக்கு இப்போது அந்த இன்னொரு கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மதினியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. "சரித்தா, ரெண்டாயிரம்னா போடுவியா?" சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுகிற அதே குரல்.

"சித்திரைல கட்டுவீங்களா மதினி?" என்று திருப்பி அனுப்பினேன். நீல டிக் விழுந்து அரை மணி நேரம் ஆகிறது.