மணிக்கட்டில் இருந்த வித்தை

1889 மே 12 இரவு, நியூயார்க் லேம்ப்ஸ் கிளப்பில் ஒரு வித்தையை முடித்த கையோடு மயங்கி விழுந்தார், மனதைப் படித்துக் காட்டும் மேடை வித்தைக்காரர் வாஷிங்டன் இர்விங் பிஷப். தெளிந்ததும் இன்னொரு தடவை செய்தே தீருவேன் என்று அடம்பிடித்தார். மறுபடி விழுந்தவர் எழவில்லை. மறுநாள் இறந்துவிட்டதாக அறிவித்து, சில மணி நேரத்துக்குள் மண்டையைத் திறந்து மூளையை எடுத்துவிட்டார்கள். பிணம்போல் விறைத்துக் கிடக்கும் நோய் அவருக்கு ஏற்கெனவே உண்டு, என் பிள்ளையை உயிரோடு அறுத்துவிட்டார்கள் என்று தாய் எலனோர் கடைசிவரை போராடினார். மருத்துவர்கள் மேல் வழக்கு வந்தது, தண்டனை வரவில்லை.

மெண்டலிசம், அதாவது மனதைப் படிப்பதாகக் காட்டும் வித்தை பற்றிப் பேச்சு வந்தாலே இந்தச் சாவுக் கதையை எடுத்துவிடுவார்கள். உறுத்துவது வேறு விஷயம். மனதைப் படிக்கிறவனின் மூளை எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையில்தான் அவ்வளவு அவசரம் காட்டினார்கள் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். அது உண்மையென்றால் தேடிய இடமே தப்பு. அந்த ஆளின் தொழில் முழுக்க விரல் நுனியிலும் மணிக்கட்டிலும் இருந்தது.

அவர் மேடையில் செய்ததைப் பாருங்கள். அரங்கில் எங்கேயோ ஒரு குண்டூசியை ஒளித்து வைப்பார்கள். பிஷப் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒளித்தவரின் கையைப் பிடித்தபடி கிட்டத்தட்ட ஓடிப்போய் அதை எடுப்பார். இன்னொன்று பொய்க் கொலை. அவரை வெளியே அனுப்பிவிட்டு ஒருவர் கத்தியை எடுத்து, யாரையோ குத்துவதுபோல் நடித்து, கத்தியை மறைத்துவிடுவார். பிஷப் உள்ளே வந்து கத்தி, குத்துப்பட்டவர், குத்து விழுந்த இடம் மூன்றையும் வரிசையாகக் காட்டுவார். கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் குதிரை வண்டி ஓட்டியதும் உண்டு. அது மட்டும் எனக்குப் பிடிக்காது. கண்கட்டு வித்தைகளில் மூக்கோரம் ஒரு இடுக்கு இருந்தாலே பாதி வேலை முடிந்தது, தவறினால் அடிபடுவது தெருவில் போகிறவன்.

இதற்கான விளக்கம் அவர் காலத்திலேயே இருந்தது. ஒரு அசைவை மனதில் நினைத்தாலே தசை தெரியாமல் அசையும் என்று இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் வில்லியம் கார்பெண்டர் 1852லேயே எழுதிவிட்டார். பிஷப்புக்கு முன்பே இதைச் செய்த ராண்டல் பிரவுன் என்ற அமெரிக்கரை ஆராய்ந்த நரம்பு மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், இதற்குத் தசை வாசிப்பு என்றே பெயர் வைத்தார். 1881ல் லண்டனில் ஜார்ஜ் ரோமானிஸ், பிரான்சிஸ் கால்டன் முதலிய விஞ்ஞானிகள் பிஷப்பையே உட்காரவைத்துச் சோதித்தார்கள். தொடுதல் வழியாக வரும், தருகிறவருக்கே தெரியாத குறிப்புகளைத்தான் படிக்கிறார் என்று முடிவு சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்கிறவர்கள் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

முதல் சிக்கல், யார் கையைப் பிடிப்பது என்று ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே வரும். மேடைக்கு நாலு பேரைக் கூப்பிட்டால் ஒருத்தர்தான் தேறுவார். கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டுக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தாங்கி, சட்டென்று விரலை எடுக்க வேண்டும். கை துணி மாதிரி தொப்பென்று விழுந்தால் அந்த ஆள் உதவ மாட்டார், அவரிடமிருந்து எதுவும் வராது. இரும்புக் கம்பி மாதிரி நின்றாலும் கஷ்டம். ஒரு நொடி மிதந்து மெதுவாக இறங்குகிற கைதான் வேண்டும். சிரித்துக்கொண்டே இருக்கிறவரை நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். ‘என்னை ஏமாத்து பாப்போம்’ என்று முறைத்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வேண்டுமென்றே தப்பான பக்கம் இழுப்பவர் பலமாக இழுப்பார். அதுவும் ஒரு குறிப்புதான், எதிர்ப்பக்கம் போனால் சரி.

அடுத்தது அவரிடம் என்ன சொல்கிறோம் என்பது. பாதிப் பேர் தோற்பது இங்கேதான். ‘பொருளை நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் அவர் குண்டூசியின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். படத்துக்குத் திசை கிடையாது. ‘எனக்கு மனசுக்குள்ளேயே கட்டளை போடுங்க. நேராப் போ, நில்லு, இடது பக்கம் திரும்பு, கையைத் தூக்கு, இப்படி’ என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் தசைக்கு வேலை வரும்.

பிடி இறுக்கமாக இருக்கக் கூடாது. அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கட்டும், அல்லது நீங்கள் அவருடையதை லேசாகப் பிடியுங்கள். இருவர் முழங்கையும் மடங்கி இருக்க வேண்டும், நீங்கள் அரையடி முன்னால். கிளம்பும்போது நேராகப் போகாமல் கொஞ்சம் குறுக்காக ஒரு அடி வைத்து, கையை இரண்டு பக்கமும் சின்னதாக ஆட்டிப் பார்க்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் அவர் எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்று காத்திருப்பார்கள். தள்ள மாட்டார். தப்பான பக்கம் போனால் கை லேசாகக் கனக்கும், சரியான பக்கத்தில் கனமே இருக்காது. கனம் இல்லாத பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பதுதான் முழு வித்தையும்.

வேகம் முக்கியம். பிஷப் ஓடியதைப் பலரும் வெறிபிடித்த நடிப்பு என்றார்கள். நடிப்பும் இருந்திருக்கும், ஆனால் மெதுவாகப் போனால் கூட வருகிறவர் தன் கையைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார். வேகமாகப் போகும்போது அதற்கு நேரமில்லை. இடத்தைத் தாண்டிவிட்டால் அவர் கால் ஒரு கணம் பின்தங்கும். அங்கே நின்று உயரம் பார்க்க வேண்டும், கையை மேலே கொண்டுபோய், கீழே கொண்டுவந்து. கடைசி ஒரு சாணில் கனம் தெரியாது, சரியான இடத்தில் அவர் கை தளர்ந்துவிடும், சில சமயம் மூச்சையே விடுவார். கூட்டமும் காட்டிக்கொடுக்கும். நெருங்க நெருங்க அரங்கு அமைதியாகும். பின்னணி இசை போட்டால் இந்த உதவி போச்சு.

எந்தப் பக்கம் போனாலும் கனமும் இல்லை, வழியும் இல்லை, அவரையே சுற்றிச் சுற்றி வருகிறோம் என்றால் பொருள் அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அவர் கண்ணையும் கட்டி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் வித்தை படுத்துவிடும். எந்தத் திசை என்று அவருக்கே தெரியாதபோது கைக்கு எப்படித் தெரியும்? கணக்குப் போடும் குதிரை என்று பெர்லினில் பேர்வாங்கிய ஹான்ஸும் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. கேட்கிறவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்று 1907ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார்.

எண் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ‘ட்ரூத்’ பத்திரிகை ஆசிரியர் லபூஷேர், பிஷப்பைச் சீண்டி, ரூபாய் நோட்டு போல அங்குள்ள பவுண்டு நோட்டின் எண்ணைச் சொல்லச் சவால் விட்டது 1883ல் லண்டனையே கலக்கிய சண்டை. இந்த வித்தைக்கு 0 முதல் 9 வரை ஒரே வரிசையில், உள்ளங்கை அகல இடைவெளி விட்டு எழுதி, எண்ணை நினைத்தவரின் கையை இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை கொண்டுபோக வேண்டும். இரண்டு தடவையும் ஒரே இலக்கத்தில் நின்றால்தான் எடுத்துக்கொள்ளலாம். முதல் இலக்கம் முடியும் முன்பே அவர் இரண்டாவதை நினைக்க ஆரம்பிப்பதுதான் இங்கே வழக்கமாகக் கெடுக்கும்.

வீட்டில் பழக ஐந்து தீப்பெட்டி போதும். ஒன்றை நினைக்கச் சொல்லி இருபது தடவை பாருங்கள். குருட்டாம்போக்கில் நாலு வரும். பன்னிரண்டு வந்தால் கை பேச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இதையும் சங்கேத வித்தையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம்மூர்ச் சந்தையில் துணி போர்த்திப் படுத்த பையனிடம் ‘சொல்லு’, ‘சட்டுனு சொல்லு’, ‘பாத்துச் சொல்லு’ என்று கேட்பார்களே, அது வார்த்தையிலேயே விடை போகிற வழி. ஜூலியஸ், ஆக்னஸ் ஜான்சிக் தம்பதி அதே வகை வித்தையில்தான் பெரிய அரங்குகளை நிறைத்தார்கள். அது மனப்பாடம், மிகப்பெரிய மனப்பாடம். தசை வாசிப்பில் மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை, ஒவ்வொரு இரவும் புது ஆள், புதுக் கை.

இப்போது மெண்டலிசம் என்று வருகிறவர்கள் பலர், ‘இது சைக்காலஜி, உங்க கண் அசைவை வெச்சே கண்டுபிடிச்சேன்’ என்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது மடித்த சீட்டைக் கள்ளத்தனமாகப் பார்க்கிற வேலை. வித்தையாகச் செய்யட்டும், தப்பில்லை. ஆனால் அதற்கு விஞ்ஞானச் சாயம் பூசுவது, ஆவி வந்து சொன்னது என்ற பழைய பொய்யின் புதுச்சட்டை. பிஷப்பிடம் உதவியாளராக இருந்து தனியே போன ஸ்டூவர்ட் கம்பர்லாண்ட், தான் செய்வதில் அமானுஷ்யம் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். சொல்லியும் கூட்டம் குறையவில்லை.

2024ல் காலமான கிரெஸ்கின் என்ற அமெரிக்கர் தன் சம்பளக் காசோலையையே பார்வையாளர்களிடம் கொடுத்து ஒளிக்கச் சொல்வார். கண்டுபிடிக்காவிட்டால் சம்பளம் கிடையாது. சில இரவுகளில் வெறுங்கையோடு போயிருக்கிறார். தமிழில் யாராவது ஒரு மெண்டலிஸ்ட் இந்தப் பந்தயத்துக்குத் துணிந்தால் சொல்லுங்கள், முதல் வரிசை டிக்கெட் எனக்கு ஒன்று.