சேமிக்கத் தெரியாதவர்களா அவர்கள்?

அந்தக் குரல்பதிவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். டெல்லித் தமிழர் குழுக்களில் இருக்கும் எல்லோரும் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். எனக்கே வெவ்வேறு பக்கங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, கூடவே கைதட்டும் படங்களும். இன்று காலை என் சொந்த அத்தை மகனே அதை அனுப்பி, 'நெத்தியடி' என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

டெல்லி ஜங்புராவில் வாய்க்கால் ஓரம் இருந்து, 2025-இல் இடிக்கப்பட்ட தமிழர் குடிசைப் பகுதி மதராசி கேம்ப். அதன் மக்களைப் பற்றி, குரல்பதிவில் பேசும் பெரியவர் சொல்வது இவ்வளவுதான். இத்தனை வருடம் டெல்லியில் இருந்தும் ஒரு வீடு வாங்க அவர்களுக்குத் துப்பில்லை. நாமெல்லாம் வெறுங்கையோடு ரயில் ஏறி வந்தோம், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம். அவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது, அதனால் அரசாங்கத்திடம் கையேந்துகிறார்கள்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வயதில் மூத்தவர். என் அப்பாவும் அவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த ஊருக்கு வந்தவர்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. அவர் எப்படி வீடு வாங்கினார் என்று எனக்குத் தெரியும். என் அப்பா வாங்கிய அதே வழியில்தான் வாங்கினார். அந்த வழியை ஒவ்வொரு படியிலும் போட்டுக் கொடுத்தது அரசாங்கம்.

அப்பா மத்திய அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சில வருடங்களில் ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அந்தக் காலத்தில் குவார்ட்டர்ஸுக்கு அதிகம் போனால் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பார்கள். வெளியில் வாடகைக்கு இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா கணக்குச் சொல்வார். அந்த மிச்சம்தான் எங்கள் வீட்டின் முதல் சேமிப்பு. பால்கூட அரசாங்கத்தின் டெல்லி மில்க் ஸ்கீம் அட்டைக்கு வந்ததுதான். 1979-இல் டிடிஏ, அதாவது டெல்லி வளர்ச்சி ஆணையம், வீடுகளுக்கான புதிய பதிவுத் திட்டத்தை அறிவித்தபோது சுமார் 1.7 லட்சம் பேர் பதிவு செய்தார்கள், அப்பாவும் அவர்களில் ஒருவர். வருடக்கணக்கில் காத்திருந்து, குலுக்கலில் பெயர் வந்து, மயூர் விஹாரில் எம்.ஐ.ஜி. (நடுத்தர வருமானப் பிரிவு) ஃபிளாட் அலாட் ஆனது. விலையை நிர்ணயித்தது சந்தை அல்ல, டிடிஏ. பணம் கட்டத் தவணை வசதியும் உண்டு. அலுவலகத்தில் வீட்டுக்கென்று முன்பணம் கொடுத்தார்கள், வெளியில் கிடைத்த கடனைவிடக் குறைந்த வட்டியில். அன்று தனியார் விற்ற வீடு எதற்கும் அப்பாவால் அட்வான்ஸ்கூடக் கொடுத்திருக்க முடியாது.

டிடிஏவுக்கு நிலம் எங்கிருந்து வந்தது? 1957-இல் டிடிஏ அமைந்தது. 1961-இல் பெருமளவு நிலக் கையகப்படுத்தும் திட்டம் வந்தது. டெல்லியைச் சுற்றியிருந்த கிராமங்களின் வயல்களை அரசாங்கம் தன் விலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த வயல்களின் மேல்தான் நம் ஃபிளாட்டுகள் நிற்கின்றன. நம்மில் பலர் உறுப்பினராகச் சேர்ந்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கும் அதே நிலத்திலிருந்துதான் ஒதுக்கீடு, அதுவும் அரசு நிர்ணயித்த விலையில்.

டிடிஏ ஃபிளாட்டுகள் முதலில் குத்தகை உரிமையில்தான் கிடைத்தன. 1992-இல் அதை முழு உரிமையாக மாற்றிக்கொள்ளும் திட்டம் வந்தது. அப்பாவும் கட்டணம் கட்டி மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அது விற்கக்கூடிய, அடகு வைக்கக்கூடிய சொத்து. அந்தப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் என் தம்பி பொறியியல் படித்தான். இன்று அவன் புனேயில் சொந்த வீட்டில் இருக்கிறான். வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை, அசலுக்கும் சேமநிதிக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து 1.5 லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொண்டு வரி கட்டினான். அப்பா போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. உடம்புக்கு முடியவில்லை என்றால் மத்திய அரசு மருத்துவத் திட்ட அட்டை இருக்கிறது. இதில் எந்த இடத்தில் நாங்கள் தனியாக நின்றோம்?

அப்பா உழைக்கவில்லை என்றா சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அத்தை மகன் கேட்டுவிட்டான். என் அப்பா உழைத்த உழைப்பை நான் பார்த்திருக்கிறேன். டிடிசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருவார். ஒரு நீளமான நோட்டில் காய்கறி முதல் தபால் தலை வரை எழுதி வைப்பார். மாதக் கடைசியில் ஒரு ரூபாய் உதைத்தால் அம்மாவை எழுப்பிக் கேட்பார். அந்தச் சிக்கனத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அதே சிக்கனத்தை இன்னொரு வீட்டிலும் பார்த்தேன். அது பற்றித்தான் இந்தப் பதிவு.

திருமணத்துக்குப் பிறகு ஜங்புராவில் வாடகைக்கு இருந்தபோது எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா மதராசி கேம்ப்பில் இருந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கம். கணவர் வெள்ளையடிக்கும் வேலை. அக்கா விடியற்காலையில் இறங்கி, மதியத்துக்குள் பல வீடுகளை முடிப்பார். கேம்ப்புக்குள்ளேயே பெண்கள் சேர்ந்து நடத்திய சீட்டு ஒன்று இருந்தது. மாதம் தவறாமல் கட்டுவார், காய்ச்சல் வந்த மாதமும் கட்டினார். சீட்டை எடுத்த ஒவ்வொரு முறையும் அந்தப் பணம் வீட்டுக்குத்தான் போகும். முதலில் தகரத்தை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர். பிறகு தரைக்கு டைல்ஸ், கடையில் மிச்சமான டைல்ஸ், இரண்டு நிறத்தில். பிறகு மகனுக்குத் திருமணம் என்று மேலே ஓர் அறை. ஒரு ஜோடிக் கம்மல் அடகுக் கடைக்கும் காதுக்கும் மாறி மாறிப் போய் வந்தது. என் அப்பாவின் நோட்டுக்கு அக்காவின் சீட்டு எந்த விதத்தில் குறைந்தது?

இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சேர்த்தார்கள். அப்பா சேர்த்த பணம் அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த சுவருக்குள் போனது. அக்கா சேர்த்தது அரசாங்கம் கணக்கில் எடுக்காத சுவருக்குள் போனது. ஒன்று கோடியானது. இன்னொன்று 2025 ஜூன் 1-ஆம் தேதி புல்டோசருக்கு முன்னால் கல்லும் மண்ணுமானது. சேமிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்கிறீர்களே, அந்தச் செங்கலெல்லாம் எங்கிருந்து வந்தது?

கேம்ப்பை ஒட்டி ஓடும் பாராபுல்லா நாலா என்ற வாய்க்காலைப் பற்றிச் சொல்வீர்கள். மழை வந்தால் தண்ணீர் தேங்குகிறது, நீதிமன்றம் உத்தரவிட்டது, அகற்றினார்கள். சரி. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் கேம்ப்புக்குள்தான் முதலில் வரும், அக்காவுக்கே அது தெரியும். நான் நீதிமன்றத்தோடு வழக்காடவில்லை. இடம் மாற்றுகிறபோது எதைக் கணக்கில் எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. இடித்தபோது அதிகாரிகள் சொன்ன கணக்குப்படி 370 குடிசைகளில் 189-க்குத்தான் டெல்லியின் வட கோடியில் உள்ள நரேலாவில் வீடு. மற்றவை தகுதியில்லை.

வீடு கிடைத்தவர்களுக்கும் சும்மா கிடைக்கவில்லை. 2015-ஆம் ஆண்டின் டெல்லி குடிசை மறுவாழ்வுக் கொள்கைப்படி பயனாளி 1.12 லட்சம் ரூபாயும், ஐந்து வருடப் பராமரிப்புக்கு 30,000 ரூபாயும் கட்ட வேண்டும். முதல் பத்து ஆண்டுகளுக்குக் குத்தகை உரிமைதான். அக்கா பெயர் பட்டியலில் வந்தது. மகன் பெயர் வரவில்லை. மேல்மாடியில் தனிக் குடும்பம் என்றால் 2015 ஜனவரி 1-க்கு முன் வாங்கிய தனி ரேஷன் கார்டு வேண்டுமாம். மகனுக்கும் மருமகளுக்கும் அது இல்லை. தாயின் கார்டிலேயே பெயர் இருந்ததால் தனியாக வாங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாததால் ஒரு குடும்பத்தின் பெயரே கணக்கிலிருந்து போய்விட்டது.

போன மாதம் நரேலா போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜங்புராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மெட்ரோ இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினார். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், பழைய மின்சார ரசீதுகள். எழுத்து மங்கிப்போன ரசீதுகளின் மேல் பென்சிலால் திரும்ப எழுதியிருந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். இந்த வீட்டை வைத்து வங்கியில் கடன் கொடுப்பார்களா, பேத்தியை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்றார். பத்து வருடம் ஆகும் அக்கா என்று சொன்னேன். அதற்குள் அவள் படிப்பு வயது முடிந்துவிடுமே கண்ணு என்றார். என் தம்பிக்கு அந்த வயதில் கிடைத்த பத்திரம் என் நினைவுக்கு வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கிருந்து வேலைக்கு வந்து போகும் பஸ் செலவையும் நேரத்தையும் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று வேலையை விட்டுவிட்டார். வீடு கொடுத்தாயிற்று என்கிறார்கள். வருமானத்தை எடுத்துக்கொண்டார்களே, அது எந்தக் கணக்கில் வருகிறது?

ஆக்கிரமிப்புக்கு எப்படிப் பட்டா கொடுப்பது, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒன்றுதான் என்றால் 2019-ஐப் பாருங்கள். டெல்லியின் அங்கீகாரமில்லாத 1,731 காலனிகளில் இருப்பவர்களுக்கு உரிமை கொடுக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டது. சுமார் 40 லட்சம் பேருக்குப் பயன் என்று அரசாங்கமே சொன்னது. வரைபட அனுமதி இல்லாமல் எழுந்த காலனிகள் அவை, அரசு நிலத்தில் இருந்தவையும் அதில் உண்டு. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி, எங்கள் உறவினர் ஒருவரே அப்படிப் பத்திரம் வாங்கினார். சட்டத்தை மாற்ற மனம் இருந்தால் மாற்ற முடிகிறது என்பதற்கு அதுவே சான்று. ஜுக்கியில், அதாவது குடிசையில், இருப்பவனுக்கு மட்டும் தேதியும் கார்டும் கல்வெட்டாகிவிடுகிறது.

டிவி வைத்திருக்கிறார்கள், குடிக்கிறார்கள் என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நம் குடியிருப்புகளில் யாரும் குடிப்பதில்லையா?

வரி கட்டுவது நாம் என்பார்கள். அக்கா வாங்கும் சோப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் வரி இருக்கிறது. அந்த வரியில் அவருக்கு எந்தக் கழிவும் கிடையாது.

முதுமைக்கு என்ன இருக்கிறது அவருக்கு? வருங்கால வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. நம் வீட்டுச் சமையலறை அதில் வராது. 2015-இல் அடல் பென்ஷன் யோஜனா வந்தது, சேர 40 வயதுக்குள் இருக்க வேண்டும். 2019-இல் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று வந்த ஓய்வூதியத் திட்டத்திலும் அதே 40. அக்கா அந்த வயதை எப்போதோ தாண்டியிருந்தார். வீட்டு வேலை செய்பவர்களுக்குச் சட்டம் கொண்டுவருவதைப் பரிசீலிக்கச் சொல்லி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. இத்தனை காலம் நம் பாத்திரத்தைத் தேய்த்தவர்களுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று நம் சங்கங்களில் ஒன்றாவது ஒரு தீர்மானம் போட்டதா? நான் கேட்டு இல்லை.

விழா என்றால் கேம்ப் பெண்கள் வேண்டும். அன்னதானத்துக்குக் காய் நறுக்க, அண்டா கழுவ, கோலம் போட அவர்கள் வேண்டும். மேடையில் 'டெல்லியில் தமிழை வாழ வைக்கிறோம்' என்று பேசுகிறோம். நம் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்பினோம்? டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் உட்கார்ந்து தமிழ் படித்தவை இந்தக் குடிசைப் பிள்ளைகள். வீடு போனதும் அந்தப் பள்ளியும் அவர்களுக்கு 40 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அப்படிப்பட்டவர்களைப் பற்றி, அதுவும் தமிழில், இப்படி ஒரு பதிவு. அதற்குக் கைதட்டல்.

ஐயா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, ஆனால் நீங்கள் பேசியது பொய். அந்தக் குரல்பதிவை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அதற்கு மனமில்லை என்றால் உங்கள் டிடிஏ அலாட்மென்ட் கடிதத்தைப் பீரோவிலிருந்து எடுங்கள். அதில் எழுதியிருக்கும் விலையையும், அந்த வருடம் அதே பகுதியில் தனியாரிடம் என்ன விலை விற்றது என்பதையும், உங்களுக்கு அலுவலகம் கொடுத்த முன்பணத்தையும், இன்று மாதம் முதல் தேதி வரும் ஓய்வூதியத்தையும் சொல்லி இன்னொரு குரல்பதிவு போடுங்கள். அதை நானே எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புகிறேன்.